மூன்று மலைகளும் ஒரு நூல் சிட்டமும்

என் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு பட்டு நூல் சிட்டம். சாயம் ஏற்றாமல் கற்றையாகச் சுற்றிக் கட்டிய நூல். ஒரு காலத்தில் சந்தன நிறமாக இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதன் ஓரத்தில் அறுந்த இழைகள் பிசிறு பிசிறாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நெசவு வீட்டில் பிறந்த யாரும் அறுந்த இழையை அப்படியே விட்டுவைக்க மாட்டோம், கை தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிடும். இந்த இழைகளுக்கு மட்டும் நான் முடிச்சுப் போடவில்லை. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் என் மகள், "இது எதுக்கும்மா இன்னும்? தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்பாள். ஒரு வருஷம் எரிச்சலில், "உங்கப்பனைக் கொன்ன நூல்டி அது, கீழ வை" என்று சொல்லிவிட்டேன். அவள் டப்பாவை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் எட்டு வயதில் தறிக் குழிக்குள் காலை விட்டவர். எங்கள் ஆரணித் தறி எல்லாம் குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்துக்கொண்டே நெய்ய வேண்டும். பட்டுக்கு வறண்ட காற்று ஆகாது. காற்று காய்ந்தால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை இழையாக அறுந்துகொண்டே இருக்கும், ஒரு சாண் நெய்வதற்குள் உயிர் போய்விடும். அதனால் சித்திரை, வைகாசியில் ஜன்னலைச் சாத்திவிட்டு, குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, நனைந்த சாக்கை விரித்து வைப்போம். அந்தச் சாக்கை நனைத்துப் போடுவது என் வேலை. நூலுக்கு எது சுகமோ அதுதான் நமக்கும் சுகம் என்று வளர்ந்துவிட்டவள் நான். அந்தப் புழுக்கத்திலும் மண் ஈரத்திலும் முப்பது வருஷம் உட்கார்ந்த மனுஷனுக்கு நெஞ்சு கெட்டுப்போனதில் என்ன ஆச்சரியம்?

எழுபதுகளின் கடைசியில் இருமல் ரொம்பவும் முற்றிவிட்டது. கண்ணமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வயதான டாக்டர் முதுகில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவரு இனிமே மூடின வீட்ல, ஈரத்துல உக்காரக் கூடாதும்மா. ஏதாவது மலைப்பக்கமா போயிடுங்க. நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கெடக்காம வெட்டவெளியில இருக்கட்டும். நல்லபடியா இருப்பாரு." மருந்துச் சீட்டைவிட அந்தப் பேச்சுதான் அவருக்கு மருந்தாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். "குழியில கெடந்தவன் மலை மேல போறேன், பாத்தியாமே!" என்றார். "போங்க போங்க, உச்சியில ஒரு கொடி நட்டுட்டு வாங்க" என்றேன் நான். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

எந்த மலை என்பதுதான் கேள்வி. நெசவாளிகளுக்கு அமாவாசை அன்று தறிக்கு விடுமுறை. அதனால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு மலையைப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. தெருவில் கேலி தாங்கவில்லை. "இன்னாப்பா, சாமியாரா போறீயா? பொண்டாட்டியையும் இட்டுகினு போற சாமியார இப்பத்தான் பாக்கறோம்" என்றார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரு குடிசை போதும், வாசலிலேயே கட்டில், கொஞ்சம் சாமை விதைக்கலாம், தேன்பெட்டி வைக்கலாம், நாலு ஆடு வளர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஏர் புடிச்ச கையாங்க இது? ஆடு முட்ட வந்தா நீங்கதான் முன்னாடி ஓடுவீங்க. ஏழு வயசுப் பொண்ணு கீது, அதுக்குச் சோறு யார் போடறது?" என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான். அவர் வெளியில் உட்காரட்டும், நான் நெய்கிறேன், ஆனால் போகிற மலையில் தறி ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு சிட்டம் பட்டு நூலை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். நூல் எந்த மலையில் அறாமல் நிற்கிறதோ அதுதான் நம் மலை என்றேன். அவரும் தலையாட்டினார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் ஜவ்வாது மலை. மாசி மாதம். போளூரில் இறங்கி மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சரிவில் ஒரு பெரிய தட்டைப் பாறை, பக்கத்தில் ஒரு நெல்லி மரம். அந்த ஊர்க்காரர் ஒருவர் பாறையை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் பாறையைக் கையால் தடவிப் பார்த்தார். வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து அதன் மேல் படுத்துவிட்டார். நான் சிட்டத்தைப் பிரித்து நெல்லிக் கிளையில் தொங்கவிட்டு, சோற்று மூட்டையைப் பிரித்து மகளுக்கு ஊட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய் இழையை விரலில் சுற்றி இழுத்தேன். அறுந்தது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அறுந்தது. காற்று அப்படிக் காய்ந்து அடித்தது. நிழல் பக்கம் மாற்றிக் கட்டினேன், ஈரத் துணியால் ஒற்றினேன், சாயங்காலம்வரை அந்த நூலோடுதான் மல்லுக்கட்டினேன். எனக்கு ஒரே கோபம். கடைசி பஸ் வரும் நேரத்துக்கு அவரை உலுக்கி எழுப்பினேன். கண்ணைத் திறந்து, "இந்த எடம் நல்லா கீதுமே" என்றார். "நூலு நிக்கல. வாங்க" என்றேன்.

அடுத்தது வாணியம்பாடிப் பக்கம் ஏலகிரி. அங்கே நூல் பாதி நின்றது, பாதி அறுந்தது. காற்றும் நடுத்தரம், இடமும் நடுத்தரம். "உன் நூலோட ஒரே பேஜாராப் போச்சு" என்று சிரித்தார் அவர்.

மூன்றாவது ஏற்காடு. அது தூரம், திருவண்ணாமலை போய் அங்கிருந்து சேலம் போய் ஏற வேண்டும். பஸ் காசு சேராமல் பல அமாவாசைகள் தள்ளிப்போய், மார்கழி மாதத்தில்தான் போனோம். மேலே போய் இறங்கினால் பனிமூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை. சிட்டத்தை ஒரு வேலிக் கம்பியில் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் கழித்து இழுத்தால், அம்மாடி, நூல் வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுக்கிறது! எப்படி இழுத்தாலும் அறவில்லை. தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாக்கு நனைக்க வேண்டாம், கடவுளே இங்கே தெளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஈரம் ஆகாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஈரம் என்றால் நாம் தரையில் தெளிக்கிற தண்ணீர் என்றுதான் என் மண்டையில் இருந்தது. வானத்தில் மிதக்கிற பனியும் ஈரம்தான் என்று உறைக்கவே இல்லை. "இங்கதாங்க! நம்ம எடம் இதாங்க!" என்று கத்தினேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நின்று இருமிக்கொண்டிருந்தார். "புதுப் பனி, போகப் போகப் பழகிடும்" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உனுக்குப் புடிச்சிருந்தா சரிமே" என்றார்.

ஆரணி வீட்டைப் பூட்டிவிட்டு, தறியைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தகரம் போட்ட ஒரு வீடு கிடைத்தது. தறி போட வேண்டுமென்றால் குழி வேண்டுமே. ஆள் வைத்து வெட்டினேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "மலை மேல வந்தும் எனுக்குக் குழிதானா?" என்று சிரித்தார். நான்தான் நெய்தேன், ஆனாலும் நான் சமையலுக்கு எழுந்து போனால் அவர் சும்மா இருக்க முடியாமல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுவார். வெளியில் உட்காரலாம் என்றால் மழை. மழை விட்டால் பனி. கட்டிலை வாசலில் போட்ட நாட்கள் பத்துகூட இருக்காது. போர்வை காயாது, துணி காயாது. தறி மட்டும் ஆரணியில் ஓடாத ஓட்டம் ஓடியது. புடவை ஒன்றிலும் ஒரு பழுது சொல்ல முடியாது. அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன், பாவி. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

திரும்ப ஆரணிக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். வேலூர் டாக்டர் என்னைத் திட்டவில்லை. "போயும் போயும் பனியிலயாம்மா கொண்டுபோய் வெச்ச?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும், இன்றைக்கும் சோறு இறங்காமல் செய்யும். கோடைக்கு அவர் கொஞ்சம் தேறினார். பேசினார், கஞ்சி குடித்தார். "வர்ற அமாவாசைக்கு ஜவ்வாதுக்குப் போயிடலாங்க, தறியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஜல்தியா போயிடணும்மே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்னிக்குப் பாறை மேல அம்மாம் நேரம் தூங்கினேனே, ஒரு தபாகூட நான் இருமல இல்ல? எனுக்கு நெனப்புல அப்பிடித்தான் கீது. நீ பாத்துகினுதானே இருந்த?"

நான் எங்கே பார்த்தேன்? சாயங்காலம்வரை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூலையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை இழை அறுந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "பாத்துகினுதாங்க இருந்தேன். ஒரு தபாகூட இருமல" என்றேன். "அதான பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

பிறகு பல பேர் பல விதமாக ஆறுதல் சொன்னார்கள். விதி என்றார்கள். வயிற்றுப்பாட்டுக்குத்தானே செய்தாய் என்றார்கள். ஒன்றும் ஆறவில்லை. மூன்று மலைகளையும் நூல் வைத்துச் சோதித்தேன். கட்டின புருஷன் மூச்சு விடுகிறாரா என்று ஒரு மலையிலும் காதைக் கொடுத்துக் கேட்கவில்லை. அவராவது ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டிருக்கலாம், அந்தப் பாறைதான் வேண்டும் என்று சண்டை போட்டிருக்கலாம் என்று அவர் மேலேயே கோபம் வரும். அந்தக் கோபமும் நிற்காது, அழுகையில்தான் போய் முடியும்.

இதையெல்லாம் கேட்ட பிறகு என் மகள் டப்பாவைத் தூக்கிப் போடுவது பற்றிப் பேசவே இல்லை. போன மாசி மாதம் அவளாகவே வந்து, "வாம்மா, அந்தப் பாறைக்குப் போய்ட்டு வரலாம்" என்றாள். இப்போது மலைக்கு நிறைய பஸ் போகிறது. ரோடு மாறிவிட்டது, கடைகள் வந்துவிட்டன. பாறை அப்படியே இருந்தது. நெல்லி மரம் பட்டுப்போய்ப் பாதிதான் நின்றது. மிச்சம் இருந்த கிளையில் சிட்டத்தைத் தொங்கவிட்டேன். காற்று அன்றைக்குப் போலவே காய்ந்து அடித்தது. நான் நூல் பக்கம் திரும்பவில்லை. பாறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

மகள் சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். "இன்னாம்மா, சாப்பிடாம அங்க இன்னாத்த பாத்துகினு கீற?" என்று கேட்டாள்.

"உங்கப்பா தூங்கறாருடி. பாத்துகினு கீறேன்" என்றேன்.

அவள் சோற்றை மறுபடி மூடிவைத்தாள். கடைசி பஸ்ஸுக்குக் கூப்பிடும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.