பட்டாளத்தார் கல்

குன்னம் போகும் சாலை வளைவில் என் அண்ணனின் நினைவுக்கல் நிற்கிறது. இடுப்பு உயரக் கருங்கல். பெயர், படைப்பிரிவு, கார்கில் சண்டையில் உயிர்விட்டார் என்ற செய்தி, அவ்வளவுதான். வைத்த புதிதில் அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அதைக் கழுவுவார். எழுத்துகளுக்குள் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்தெடுப்பார். அண்ணனின் உடல் மூடிய பெட்டியில்தான் வந்தது. திறந்து பார்க்க விடவில்லை. அண்ணிக்குத் தொட்டுப் பார்க்க மிஞ்சியது அந்தக் கல் ஒன்றுதான்.

மறு வருஷத்திலிருந்து பெரம்பலூர்ப் பேராசிரியர் ஒருவர், ‘அமைதிப் பயணம்’ என்று மாணவர்களை பஸ்ஸில் அழைத்து வரத் தொடங்கினார். நாங்கள் அவரை சார் என்போம். நல்ல குரல் அவருக்கு. போரில் யாருமே ஜெயிப்பதில்லை என்று மைக்கில் ஆரம்பித்தால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். முடிவில் அண்ணி விளக்கேற்றுவார், எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கும்பிடச் சொன்னது சார்தான். அப்படிக் கும்பிட்ட ஒருவனுக்கு ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வந்து தேங்காய் உடைத்தான். பிறகு கேட்க வேண்டுமா? திருச்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் சுற்றுவட்டாரப் பையன்கள் முந்தின நாளே எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்கள். போர் வேண்டாம் என்று சார் பேசிவந்த கல்லிடம் பட்டாளத்தில் சேர வரம் கேட்டார்கள். தகரக் கூரை வந்தது, சூலம் வந்தது, பட்டாளத்தார் என்று பெயரும் வந்தது. எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் பூசாரியானார். வரப்புத் தகராறில் அண்ணனோடு பேச்சையே முறித்துக்கொண்டவர் அவர்.

அவர் பூசாரியான வருஷம் அரியலூரில் வாக்கப்பட்ட நானும் ஊரில் இருந்தேன். பஸ் வந்தது. சார் பேசி முடித்து அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி தீப்பெட்டியோடு எழுந்ததும் பெரியப்பா குறுக்கே வந்தார்.

“அது மட்டும் வேண்டாங்க சார். இது இப்ப சாமி. அறுத்தவ கை பட்டா பசங்களுக்கு செலக்சன் வராதுன்னு சொல்றாங்க.”

“அந்தத் தாலியக் கட்டுனதே இந்தச் சாமிதான பெரியப்பா?” என்றேன்.

“ஒனக்கென்னம்மா, பூவும் பொட்டுமா இருக்கறவ. நீ வந்து ஏத்து.”

நான் நகரவில்லை. சாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்கும். அவ்வளவு மரியாதை அவருக்கு. “ஊரோட மனஸ்தாபம் வேண்டாம்மா. நாம வந்ததே அமைதிக்குத்தான?” என்றார். ஒரு மாணவியை விட்டு விளக்கை ஏற்றினார்.

அப்புறம் மைக்கை எடுத்துக்கொண்டு, பஸ் ஓரம் ஒதுங்கி நின்ற அண்ணியிடம் போனார். “சமாதானத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா.”

அண்ணி மைக்கைத் தொடக்கூட இல்லை. “சண்ட வேண்டாம்னு சார் சொல்றாங்க. நான் சண்ட போடலிங்க. இங்கியே நின்னுக்கறேன்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அமைதி என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு வாயை மூடு என்றுதான் காதில் விழுகிறது. பெரியப்பாவையாவது மன்னித்துவிடலாம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது கல்லைச் சுற்றிக் கம்பிவேலி. அண்ணி சாலையின் எதிர்ப்பக்கமாகவே போய்வருகிறார். போன மாதம் இருவரும் அங்கே பஸ்ஸுக்கு நின்றோம்.

“நீ கிட்டப் போவலாமுல்ல பாப்பா. அவரு பேரு அழியாம இருக்கான்னு பாத்துட்டு வா.”

சாலையைக் கடந்து போனேன். கல் முழுக்கச் சந்தனமும் மஞ்சளும் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. அண்ணன் பெயரில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்து, “நல்லா தெரியுது அண்ணி” என்றேன்.