பாட்டைப் பார்க்க வந்தவர்கள்

கல்யாண வீடுகளில் பாட்டுக்குழு வைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பிரியாணி மணம் வந்ததும் முதலில் காலியாவது நம் முன்னால் இருக்கிற நாற்காலிகள்தான். எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவில் தொடங்கிய எங்கள் குழுவில் நான் ஆர்கன், சேகர் கிட்டார். பாடுவது ஸ்டெல்லா அக்கா. கோப்பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தேவாலயத்தில் பாடிப் பழகி, பகலில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். பருத்த உடம்பு. மைக் முன்னால் நின்றால் விரல்கூட அசையாது. ஆனால் வாயைத் திறந்தால் சாப்பாட்டுக்குப் போனவன் பாதி வழியில் நின்றுவிடுவான்.

முதுகு காட்டிக் கேட்டவர்கள்

அப்போதெல்லாம் பாட்டு ரேடியோவில் வந்தது. பாடினவர் குட்டையா நெட்டையா என்று யாருக்குத் தெரியும், யார் கேட்டார்கள்? தோட்டத்துக் கல்யாணங்களில் பாதிப் பேர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டாடுவார்கள். நாங்களும் யாருக்காக வாசிக்கிறோம் என்று அலுத்துக்கொள்வோம்.

ஒரு தோட்டத்து மண்டபத்தில் அக்காவுக்கு இருமல் வந்து ஓர் அடி விட்டுப்போனது. நான் அடுத்த அடியை வாசித்து மூடி மறைக்கப் பார்த்தேன். மண்டபத்து மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, தலையைக்கூடத் திருப்பவில்லை. உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டபடியே சொன்னார்: "ஒரு அடிய முழுங்கிட்டியேம்மா. தண்ணி குடிச்சிட்டு முதல்லேர்ந்து பாடு. நாங்க எங்கயும் போகல."

வயர் இல்லாத கிட்டார்

எண்பதுகளில் வந்தது வினை. டிவியில் பாட்டும் ஆட்டமும் ஒன்றாக வந்தன. போதாததற்குத் தெருவுக்குத் தெரு வீடியோ கேசட் கடை. சேகர் கேசட் கேசட்டாக வாடகைக்கு எடுத்து வந்து பார்த்தான். வெள்ளைக்காரப் பையன்கள் காரின் மேல் ஏறி வாசிக்கிறார்கள், மலாய் ராக் பையன்கள் கடற்கரையில் குதிக்கிறார்கள், ஒருத்தன் கிட்டாரிலும் ஸ்பீக்கருக்குப் போகிற வயர் கிடையாது.

"நாமதான் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கிறோம் மச்சான்," என்றான்.

"வயர் இல்லாம சத்தம் எப்படிடா வரும்?"

"அவனுக்கு வருதில்ல?"

டிவிக்காரன் வாசிக்கிற மாதிரி நடிக்கிறான், சத்தத்தைப் பிறகு சேர்க்கிறார்கள் என்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. கிட்டார் புது மாதிரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கமுந்திங்கில் ஒரு கல்யாணம். பாட்டு சூடு பிடித்த நேரத்தில் சேகர் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையிலிருந்து குதித்தான். மேசை மேசையாக ஓடினான், முட்டி போட்டான், தலையை ஆட்டினான். கிட்டாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. நான் இடது கையால் அவன் பாகத்தையும் வாசித்துத் தத்தளித்தேன். முடிந்ததும் பெண்ணின் அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் சேகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "போன கல்யாணத்துலயும் உங்க வாசிப்ப கேட்டேன் தம்பி. இன்னிக்குத்தான் கிட்டார் ரொம்ப நல்லா இருந்துச்சு லா."

திரைக்குப் பின்னால்

அதுவரை சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. குழு பேச வருகிறவர்கள் "யார் பாடுறது?" என்று கேட்பதை விட்டுவிட்டு "யார் ஆடுறது?" என்று கேட்டார்கள். கோலா கங்சாரிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அண்ணன் ஒத்திகைக்கே வந்து கேட்டார். அக்கா பாடி முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனதும் என்னிடம் குனிந்து, "குரல் பொலே லா அண்ணே. ஆனா டிவியில வர்ற மாதிரி இல்லையே அவங்க," என்றார். பொலே என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். அந்தக் குரலைப் பரவாயில்லை என்றது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

சேகர் ஒரு வழி சொன்னான். அவன் தங்கச்சி மாலா நன்றாக ஆடுவாள். அவள் முன்னால் நின்று வாயசைக்கட்டும், அக்கா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடட்டும். நான் கத்தினேன். இதற்குக் குழுவைக் கலைத்துவிடலாம் என்றேன். அக்கா எங்கள் இருவரையும் கையமர்த்தினார்.

"நீ கோவப்பட்டுக் குழுவக் கலைச்சிட்டா நான் எங்க போய்ப் பாடுறது தம்பி? கல்யாணத்த வீடியோ எடுக்கிறாங்களாம். என் குரல் அதுல இருக்கும். எனக்கு ஒரு டேப் மட்டும் வாங்கிக் குடு."

டேப்

கோலா கங்சாரில் மாலா ஆடினாள். கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்றது. திரைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பாடினார். நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல கச்சேரி. சத்தியமாகச் சொல்கிறேன்.

டேப் வந்ததும் சேகர் வீட்டில் எல்லோரும் கூடினோம். மாலா திரையில் சுழன்றாள். பாட்டும் வந்தது. ஆனால் அது அக்கா குரல் இல்லை, என் ஆர்கனும் இல்லை. வீடியோக்காரர் மண்டபத்துச் சத்தத்தை அழித்துவிட்டு, கடையில் விற்கிற கேசட்டிலிருந்து அசல் பாட்டை அதன் மேல் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் கல்யாண டேப் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள். எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை. சேகர் தலையைக் குனிந்துகொண்டான். மாலா அழுதேவிட்டாள்.

அக்கா மட்டும் கண் எடுக்காமல் பார்த்தார். திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் பார்த்தார். மாலாவின் உதடு அக்காவின் குரலுக்குத்தான் அசைந்தது, ஆனாலும் கேசட்காரியின் குரலோடு எங்கேயும் பிசகவில்லை. ரேடியோவில் கேட்டுக் கேட்டு, அந்தப் பாடகி மூச்சு விடுகிற இடத்தில் தானும் மூச்சு விட்டு, அப்படிப் பாடியிருக்கிறார் அக்கா. அதனால்தான் அவர் காணாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

அக்கா எழுந்து டிவியை அணைத்தார். மாலாவின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நீ நல்லா ஆடுற பிள்ள. ஆடு. ஆனா அடுத்த கல்யாணத்துல நான் உன் பக்கத்துல நின்னுதான் பாடுவேன். என்னைப் பார்க்கப் பிடிக்காதவங்க கண்ண மூடிக்கட்டும்."

அதற்கப்புறம் பாதி வீடுகள் எங்களுக்குக் கையை விரித்துவிட்டன. பாடுகிறவர் தொண்டை கட்டினால் சுடுதண்ணி குடிக்கலாம், கேட்கிறவர் காது அடைத்துப்போனால் யார் எதைக் குடிப்பது என்று எங்கள் தொழிலில் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.