சாமி லைட்டு

கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஷெட்டில் என் காரின் ஃபியூஸ் மூன்றாவது முறையாகப் போனது. கருகிய ஒயரின் நாற்றம் மூக்கில் ஏறியதும் நான் எட்டு வயதுப் பெண்ணாகிவிட்டேன்.

அப்பா வெள்ளிமலைக்கு வாடகை ஜீப் ஓட்டினார். அதிலும் இப்படித்தான் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஹாரன், வைப்பர், ஹெட்லைட் என்று ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தார். முருகன் படத்துக்கு மேலிருந்த சிவப்பு பல்பை மட்டும் தொடவில்லை.

"அந்த லைட்டையும் கழட்டிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"சாமி லைட்டுல இன்னாடி கோளாறு வரும்? வாய வச்சிக்கினு சும்மா இரு."

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு, போக வேண்டிய நேரத்திலும் ஃபியூஸ் போகவில்லை. மலைப்பாதை வளைவில் அந்தப் பல்பின் ஒயரே தீப்பிடித்தது. ஆட்களையெல்லாம் இறக்கிவிட்ட அப்பா, படத்தை எடுக்க மறுபடி உள்ளே போனார்.

வெந்துபோன விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கடைசிவரை அம்மாதான் அவருக்குச் சோறு ஊட்டினாள். பல்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எங்கேர்ந்து பாக்கட்டும்மா?" என்றார் மெக்கானிக்.

ஓரம் கருகிய அந்த முருகன் படம் இப்போது என் காரில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலேயும் ஒரு சிவப்பு பல்பு.

"ஹாரன்லேர்ந்து பாருங்க" என்றேன்.