ரவுட்டரின் மேல் வெள்ளைச் சட்டை

காலை ஒன்பது நாற்பத்தொன்று. முதலில் கண்ணில் பட்டது என் வெள்ளைச் சட்டை. ரவுட்டரின் மேல், கைகள் இரு பக்கமும் தொங்க, விரிந்து கிடந்தது. குளித்துவிட்டு அப்போதுதான் முன்னறைக்கு வந்திருந்தேன். அறையில் சத்தம் இல்லை என்பது அதற்குப் பிறகே உறைத்தது.

"நின்னு போச்சுங்க மாப்ள," என்றார் மாமனார், கட்டிலில் கம்பளிக்குள் இருந்தபடி. "ஒரு மாசத்துல இப்பத்தான் காது கேக்குது."

பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம். அலுவலகங்களின் இணைய இணைப்புகளைப் பராமரிக்கும் வேலை. நேரில் போக வேண்டியது. முந்தின நாள் மதியம் மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டதால், லேப்டாப் வழியாகவே பேசலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒரு தடவைதான் என்றும் சொன்னார்கள்.

ஊட்டியின் காந்தலில் எங்கள் வீடு சாலையிலிருந்து பத்தொன்பது படி கீழே. முன்னறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் மூன்றடி தூரத்தில் பாசி படிந்த தடுப்புச் சுவர். நாளிதழ் ஒன்றின் ஊட்டி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் செய்தி திருத்தியவன் நான். அலுவலகத்தை மூடிய பிறகு தேயிலை ஃபாக்டரி ஒன்றில், சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். ஒவ்வொரு நாளும் அதே நான்கு வகைத் தூள், அதே மூன்று ஊர்களின் பெயர். நாற்பத்து மூன்று வயதில் அந்த மேசையை விட்டு எழுந்து போக எனக்குத் தெரிந்த ஒரே வழி, வேலை முடிந்து வந்து வீட்டில் படித்த நெட்வொர்க் படிப்பு.

புத்தகத்தில் மட்டும் படித்தால் கை பழகாது என்பதால், கோயம்புத்தூரில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடையிலிருந்து இந்த ரவுட்டரை வரவழைத்தேன். பெரிய அலுவலகங்களில் வைப்பது. பேருந்தில் பார்சலாக வந்தது; படிகளில் இறக்குவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். முன்பு ஏதோ வங்கிக் கிளையில் இருந்திருக்கிறது. அடியில் அவர்களின் சொத்து எண் ஒட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்த விசிறிகள் எழுப்பிய இரைச்சலில் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது ஊட்ல வெக்கற சாமானுங்களா?"

"இந்த ஏரோப்ளேன் எப்பங்க மேல கெளம்பும்?" என்றார் மாமனார்.

ஆனால் மனைவி அதன் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். சூடான காற்று வந்துகொண்டிருந்தது. அது ஜூலை. பத்து நாட்களாக வெயில் இல்லை. துவைத்த எதுவும் காயவில்லை. மாமனாரின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் கரி அடுப்பும் வீட்டுக்குள் இல்லை. ரவுட்டர் இருக்கலாம், ஆனால் துணி காய வேண்டும் என்று முடிவானது.

அதற்கு நான் ஒரு விதி போட்டேன். பின்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கயிறு கட்டி, துணி அதில் மட்டும்தான் தொங்க வேண்டும். ரவுட்டரின் மேல் படக் கூடாது. மாமனார் முப்பத்தோரு வருடம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். தன் காலுறைகளைத் தொங்கவிடும்போதெல்லாம் சாண் வைத்து அளந்தார். இப்படிப்பட்ட ரவுட்டர்கள் சூடேறித் தாமாகவே நின்றுவிடும் என்று இணையத்தில் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். "அது சமவெளியில மாமா. ஊட்டியில இதுக்கு என்ன சூடு?" என்றும் சொன்னேன்.

இரண்டு வாரத்துக்கு முன், பழக்கம் முழுதாக இருக்கட்டும் என்று வீட்டின் இணையம் மொத்தத்தையும் அதன் வழியாகவே போகும்படி மாற்றினேன். இணைப்பு கொடுத்தவர்களின் சிறிய பெட்டி இனி இணைப்பை அதற்குக் கடத்திவிடுவதோடு சரி. அவர்கள் தந்த கடவுச்சொல் பெரிய ரவுட்டருக்குள் மட்டும் இருந்தது. நான் எழுதி வைக்கவில்லை.

நேர்முகத் தேர்வு நாளன்று ஒன்பது மணிக்குச் சட்டையின் காலர் ஈரமாகவே இருந்தது. மனைவி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கேமராவில் தெரியப்போவது காலர்தான். கயிற்றிலிருந்து எடுத்து ரவுட்டரின் மேல் விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

இப்போது அந்தச் சட்டையை எடுத்துக் கயிற்றில் போட்டேன். ரவுட்டரின் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்ததும் மூடுபனி உள்ளே வந்தது. சுவிட்சைப் போட்டேன், விளக்குகள் எரிந்தன, விசிறிகள் இரைந்தன, ஒரு நிமிடத்தில் நின்றன. ஒன்பது நாற்பத்தெட்டு. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. போனில் ஒரு கோடு சிக்னல். பேச முடிந்தது, இணையம் வரவில்லை. சிறிய பெட்டியையே நேராக இணைக்கக் கடவுச்சொல் வேண்டும்; இணைப்புக்காரரைக் கூப்பிட்டேன்.

"மரத்து மேல இருக்கேனுங்க. ஒயர் அறுந்து கெடக்குது. எறங்கி ஆபீஸ் போயித்தான் பாக்கோணும், பதினொண்ணு ஆயிருமுங்க."

மேலே சாலைக்கு ஓடி, அடுத்த வீட்டு இணையத்தைக் கேட்கலாம் என்று கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது மாமனார் கட்டிலிலிருந்து இறங்கி, பழைய தினசரியால் ரவுட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார். மூடுபனியில் அவருக்கு இருமல் வந்தது. விசிறுவதை நிறுத்தவில்லை.

"ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னது நீங்கதானுங்களே," என்றார்.

பத்து ஏழுக்குப் போட்டபோது நிற்கவில்லை. ஆனால் இந்த வகை ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க ஒன்பது நிமிடம் பிடிக்கும். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. இதற்கிடையில் நிறுவனத்தின் பெண் அலுவலர் போனில் கூப்பிட்டார். நடந்ததை உள்ளபடி சொன்னேன்.

"சார், நெட்வொர்க் பாக்கற வேலைக்கு வர்றீங்க. உங்க ஊட்லயே நெட்வொர்க் இல்லீங்களா?" குரலில் கேலி இல்லை; குறித்துக்கொள்வதற்காகக் கேட்டதுபோல் இருந்தது. "பத்தேகால் வரைக்கும்தான் சார் இருப்பாங்க."

பத்து பதினாறுக்கு இணையம் வந்தது. பத்து பதினேழுக்கு உள்ளே போனேன். கூட்டம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. திரும்பக் கூப்பிட்டபோது, அடுத்த ஆளை அழைத்துவிட்டதாக அதே பெண் அலுவலர் சொன்னார்.

ஜன்னலைச் சாத்தினேன். மாமனார் கம்பளிக்குள் போனார். ரவுட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஃபாக்டரிக்கு அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தேன்.

பத்து ஐம்பதுக்குக் கயிற்றில் இருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காலர் காய்ந்திருந்தது.