என் வாயையே பார்த்தவர்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், இங்குள்ள தமிழர்களின் இணையக் குழுதான் எனக்குத் துணை. அதில் ஒருவர் வாராவாரம் ஒரு தின்பண்டத்தைச் சிபாரிசு செய்வார். பெயர் போடமாட்டார். கீழே பத்துப் பேராவது "சாப்பிட்டோம் சார், அருமை" என்று எழுதுவார்கள்.

அவரை நம்பி ஒரு சனிக்கிழமை கிடர்பூர் டிராம் டிப்போ பக்கத்து மிட்டாய்க்கடையில் ஈச்சவெல்லச் சந்தேஷ் வாங்கி வாயில் போட்டேன். குரங்குக் குல்லாயும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"குரூப்ல பாத்துட்டு வந்தீங்களா சார்?" என்றார்.

"ஆமா. எழுதினது நீங்கதானா? ஒண்ணு எடுத்துக்குங்க."

"எனக்கு சுகர் சார். நாலு வருஷமா தொடல. சாப்பிடறவங்க முகத்தப் பாத்துத்தான் எழுதறேன்." சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "நாக்குல முதல்ல வெல்லம் தெரியுதா, பாலா?"

நான் அவசரமாக விழுங்கியிருந்தேன். வெட்கமாகிவிட்டது. இன்னொன்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றேன்.

"வெல்லம். பால் அப்புறமாத்தான் வருது."

அதைக் குறித்துக்கொண்டு, தானே தின்றவரைப் போல உதட்டைத் துடைத்துக்கொண்டார்.