அத்தையின் விடுதலைப் பத்திரம்

எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். கேஸ் இணைப்புக்கான படிவமோ, பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதமோ, எதையும் விடுவதில்லை. பேங்கில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டு, என்னைத் தெரியாதவர் மாதிரி செல்போனைப் பார்ப்பார். "வக்கீலம்மா வந்துட்டாங்க" என்று தம்பி கேலி செய்வான். செய்துகொள்ளட்டும். பத்து வயதில் நான் ஒரு காகிதத்தைப் பாதிதான் படித்தேன். அதன் பலனை அனுபவித்தது நான் இல்லை, என் அத்தை.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா கை நீட்டுகிறவர். வெளியில் அவரைப் போல மரியாதையாகப் பேசுகிறவரைப் பார்க்க முடியாது. மரியாதை முழுவதும் வாசல்படியோடு தீர்ந்துவிடும். ஒரு வருடம் ஆனித் தேர் அன்று, ஊரே தேரடியில் கூடியிருந்தபோது, அத்தை ஒரு கட்டைப் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பஸ் ஏறி, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாமி பார்த்தாயா என்று அம்மா கேட்டதற்கு, "முதுகுதான் பாத்தேன் அண்ணி" என்றாள். பத்து நாள் கழித்துப் பெரியப்பா போய் அவளுடைய தையல் மெஷினை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார்.

கோர்ட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் சனத்தில் அப்போது கிடையாது. புருஷன் பெண்டாட்டி ஒத்துவரவில்லை என்றால் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். பேச்சில் 'வெடுதல'. அது சட்டப்படி செல்லுமா என்று யாரும் கேட்டதில்லை. சோறு போடும்போதெல்லாம் அத்தை அப்பாவிடம் அதைத்தான் கேட்டாள்.

"வெடுதல வாங்கிக் குடுத்துடுண்ணா. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா பொழச்சிக்கிறேன்."

"பாக்கலாம்மா" என்பார் அப்பா. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்து வந்து அரைத் தூக்கத்தில் சாப்பிடுகிறவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

பிழைத்துக்கொள்கிற ஓரம் எது என்பதையும் அத்தை முடிவு செய்து வைத்திருந்தாள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஆலப்பாக்கம் தாண்டி, ரோட்டை ஒட்டித் தாத்தா விட்டுப்போன இடம் இருந்தது. முந்திரி மரங்கள், முன்னால் ஒரு புளியமரம். அந்தப் புளியமரத்துப் பக்கம் ஒரு கொட்டாய் போட்டு, தையல் மெஷினை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு தடுப்புக் கட்டிப் படுத்துக்கொள்வது. போகிற வருகிற பஸ்ஸிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு போர்டு. போர்டில் என்ன எழுதுவது என்பதை மட்டும் என்னிடம் விட்டிருந்தாள், ஏனென்றால் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டேப்பில் உள்ள எண்கள் தெரியும், அதோடு சரி.

அதனால் நான் அவளுக்கு வாத்தியார் ஆனேன். அவள் பெயரில் நாலே எழுத்து. துணி வெட்டுகிற சாக்கட்டியால், மிச்சம் விழுந்த ஜாக்கெட் துணியில் எழுதிப் பழகினாள். கடைசி எழுத்தின் சங்கிலிக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடுவாள். நான் ஸ்கேலால் தட்டுவேன். தட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பாள். இரண்டு மாதத்தில் கொம்பு முன்னால் வந்துவிட்டது. "இனிமே எவனும் என்ன கைநாட்டுன்னு சொல்ல முடியாது" என்று தெருவில் இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பெண் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் அத்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் பத்திரமே தேவைப்பட்டது. அவளுக்கு உரிமை இல்லாமல் இருந்திருந்தால், அதை எழுதி வாங்கவேண்டிய வேலையும் இருந்திருக்காது. இடத்தை அண்ணன் தம்பி இருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், தங்கச்சி பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரவேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பதிவு அலுவலகத்தில் அதற்குப் பெயரும் விடுதலைப் பத்திரம்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "வெடுதலப் பத்திரம் ரெடியாயிடுச்சும்மா. புதன்கெழம வந்து ஒரு கையெழுத்து போட்டுடு."

அத்தையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "நெசமாவாண்ணா?"

"நெசமாதான்."

அவள் அப்பாவின் தட்டில் கேட்காமலே இரண்டு மீன் துண்டுகளை எடுத்து வைத்தாள். அப்பா அவளை ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார். பங்கை விட்டுக்கொடுப்பதில் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கு லீவு போடச் சொன்னது அத்தைதான். "எம் பத்திரத்த அவதான் படிச்சுக் காட்டணும்" என்றாள். பதிவு அலுவலகம் இருந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். முன்னால் ஒரு வேப்பமரமும், மரத்தடியில் டைப் மெஷின்களோடு பத்திரம் எழுதுகிறவர்களும் இருந்த சின்னக் கட்டடம். அப்பாவும் பெரியப்பாவும் டீ குடிக்கப் போனபோது, பத்திரத்தை அத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. இதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அத்தை முத்திரைத்தாளை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் தலைப்பைப் படித்தேன். "விடுதலைப் பத்திரம்."

"அவரு பேரு இருக்கா பாரு."

தேடினேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. மாமாவின் பெயரைப் போட்டு, அவருடைய மனைவி என்று எழுதி, அதற்குப் பிறகுதான் அத்தையின் பெயர் வந்தது. "இருக்கு அத்த. மாமா பேருதான் மொதல்ல இருக்கு."

"இருக்கணுமில்ல" என்றாள் அத்தை திருப்தியாக. "மேல படி."

மேலே படிக்க முடியவில்லை. நாலு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். மேற்படி, மேற்கண்ட, சகல பாத்தியதைகளையும் என்று போய்க்கொண்டே இருந்தது. நாக்குத் தடுக்கியது. நான் வகுப்பில் முதல் மாணவி. அத்தைக்கு முன்னால் திணறுவது எனக்குப் பெருத்த அவமானமாக இருந்தது. அதனால் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் வாயில் நுழைகிற ஒரு வரியைப் பிடித்து உரக்கப் படித்தேன்: "இனிமேல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை."

"சம்மந்தம் இல்லன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"ஸ்டாம்பு பேப்பர்லயே போட்டிருக்கா!" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி படி கண்ணு."

நான் இன்னொரு வாட்டி படித்தேன். அந்த வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

உள்ளே எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். கைநாட்டுப் பேர்வழி. அதிகாரி பத்திரத்தை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, காது கேட்காதவரிடம் கேட்பது போலக் கேட்டார்: "எந்த எடம்னு தெரியுதா? யாருக்கு எழுதிக் குடுக்கற? இனிமே இது ஒனக்குக் கெடையாது, திரும்பக் கேக்க முடியாது, புரியுதா? யாராவது மெரட்டிக் கூட்டியாந்தாங்களா?" பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிப் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம்.

எங்கள் முறை வந்தது. மை ஒட்டுகிற அட்டையோடு நின்ற ஊழியர், "அம்மா கைநாட்டா?" என்று கேட்டார்.

"கையெழுத்தே போடுவேன் சார்" என்றாள் அத்தை.

பேனாவை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாலு எழுத்தையும் எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதினாள். கொம்பு எல்லா இடத்திலும் முன்னாலேயே விழுந்தது. நான் எட்டிப் பார்த்துச் சரி என்று தலையசைத்தேன். அதிகாரி கையெழுத்தைப் பார்த்தார்.

"படிச்சுப் பாத்துட்டீங்களாம்மா?"

"பாத்தாச்சு சார்."

"சம்மதந்தானே?"

"முழு சம்மதம் சார்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர்களிடமும் ரேகை வாங்குவார்களாம். விரலில் மை ஒட்டியபோது அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றபடி பெரியவருக்கு ஆன நேரத்தில் பாதிகூட எங்களுக்கு ஆகவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்காராமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு முன் சீட்டு. "இனிமே அவரு வாசப்படி ஏறட்டும்ணா, இந்தப் பத்திரத்த மூஞ்சியில காட்டுறேன். அவரு பேர போட்டு சம்மந்தம் இல்லன்னு எழுதியிருக்குல்ல" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பாவின் பதிலுக்காகத் திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே எங்கள் புளியமரம் வந்தது, போனது. அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அன்றும் அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும் வரை வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். தங்கை வாழ்க்கை முறிந்துபோன துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவர் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். நடந்ததை மறந்துவிட்டு அனுப்பிவையுங்கள் என்று பேசினார்கள். அத்தை தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அவருக்கும் என்னா சம்மந்தம்? அதான் வெடுதல ஆயிடுச்சே. பத்திரம் ரிஜிஸ்டரே ஆயிடுச்சே."

"எந்தப் பத்திரம்? நான் எதுலயும் கையெழுத்து போடலியே" என்றார் மாமா.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "அது வேற பத்திரம்மா. நெலத்துக்கு."

மெஷின் நின்றது. அத்தை அண்ணன்கள் இருவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"அப்ப அந்தப் புளியமரத்து எடம்?" என்று கேட்டாள்.

"நாங்க இருக்கமே, ஒன்ன வுட்டுடுவமா?" என்றார் பெரியப்பா. அப்பா எழுந்து உள்ளே தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை.

அன்று மத்தியானமே அத்தை கிளம்பிவிட்டாள். எங்கள் வீட்டில் இரு என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "யாரு வூட்லயோ இருக்கறதுக்கு அங்கயே இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்றாள் அத்தை. வாசலில் செருப்பு மாட்டும்போது என் கன்னத்தைத் தொட்டு, "எழுதியிருந்ததத்தானே கண்ணு படிச்ச" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா போன பிறகு அவர் பெட்டியில் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அத்தையும் அப்போது உயிரோடு இல்லை. என்றாலும் மனசு கேட்காமல் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். எழுத்தறியாதவர்கள் என்றால் சட்டம் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், படித்துக் காட்டிப் புரியவைத்துத்தான் வாங்கினோம் என்று எழுதி வாங்கினவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கைநாட்டா இருந்திருந்தா அந்தக் காலத்துலயே பேசியிருக்கலாம். அம்மா அழகா கையெழுத்து போட்டிருக்காங்களே" என்றார். கொம்பு முன்னால்தான் இருந்தது.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அத்தை திரும்பிப் போன அந்த வருடக் கோடை விடுமுறையில் நான் சிதம்பரத்துக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கைநாட்டு, கையெழுத்து வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் மறுபடி பெயர் சேர்க்க ஒருவர் படிவத்தோடு வந்தார். அத்தை கையெழுத்துப் போடப்போகிறாள் என்று நான் ஓடிப்போய் என் பேனாவை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. "படிச்சுச் சொல்லுங்க சார்" என்று அவரிடம் சொன்னாள். அவர் முழுவதையும் படித்து முடிக்கும் வரை கேட்டுவிட்டு, இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

"மறந்துட்டியா அத்த?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. எழுத்தெல்லாம் எனக்கு நிக்கல" என்று விரலைத் தலையில் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேனே, நாலே எழுத்து, அதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லையே என்று, பஸ் ஏறும் வரை நான் அத்தையோடு பேசவே இல்லை.