அக்காவும் நானும் வைத்திருந்த முகவரி

கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் பழைய மாதிரி மின்னஞ்சல் நிரலைத்தான் நான் இன்னும் பயன்படுத்துகிறேன். படம் கிடையாது, மவுஸ் வேண்டாம். எல்லாக் கடிதமும் தேதி வரிசையில் நிற்கும். எனக்கு அது போதும். ஆனால் எந்தெந்த முகவரி நம்முடையது என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் பதில் போடும்போது எனக்கே ஒரு நகல் அனுப்பிவிடும்.

போன ஞாயிறு இங்கே திண்டுக்கல்லில் சர்ச் பூசை முடிந்து வந்து அந்த வேலையில் உட்கார்ந்தேன். இப்போதைய முகவரி, வங்கிக்கென்று வைத்திருப்பது, பூனாவில் வேலை பார்த்தபோது இருந்தது என்று ஒரே வரியில் சேர்த்துக்கொண்டே வந்தேன். கடைசியாக, அப்பா பெயரோடு எங்கள் பின்கோடை ஒட்டிவைத்த பழையது. துபாயிலிருக்கும் சித்தப்பா மகன் இன்றும் அதையும் சேர்த்தே எழுதுகிறான். அங்கே வருவது என் பெட்டியில் விழும்படி செய்திருக்கிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அக்காவும் நானும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து திறந்த முகவரி அது. வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு ஈமெயில் என்றுதான் நினைத்திருந்தோம். நான் பூனா போனதும் அனுப்புநர் பெயரை 'அக்கா' என்று மாற்றிக்கொண்டு அதிலிருந்தே எனக்கு எழுதினாள், ஆங்கில எழுத்தில் தமிழ். முதல் வரி எப்போதும் வானிலைதான். சிறுமலையில் மேகம் இறங்கியதா, கலைந்ததா. அதற்கப்புறம்தான் வீட்டுச் செய்தி. அச்செடுத்துக்கொண்டு போய் மெஸ்ஸில் சப்பாத்தித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.

எல்லாம் சேர்த்து முடித்து அந்தப் பழைய கடிதங்களைத் திறந்தேன். வரிக்கு வரி 'அக்கா' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பெறுநர்' என்று என் பெயர். நாம் எழுதியது என்றால் அந்த நிரல் அனுப்பியவரைக் காட்டாது, யாருக்குப் போனது என்பதைத்தான் காட்டும். பூனாவில் இருந்த காலம் முழுக்க எனக்கு நானே சிறுமலை மேகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததாக ஆகிவிட்டது.

பழனியில் வாக்கப்பட்டிருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏலே, பூசைக்குப் போனியா, இல்ல கம்ப்யூட்டர் முன்னாடியே முட்டி போட்டுட்டியா?"

"போயிட்டுத்தான் வந்தேன்க்கா. நீ எழுதுன மெயிலெல்லாம் நான் எழுதுனதா காட்டுது."

"கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவா மாத்திப்புட்டியாக்கும்? நான் கையெழுத்தே போடலியே!"

"நம்ம பழைய முகவரிய எடுத்துட்டா சரியாயிரும். ஆனா துபாய்க்கு எழுதுறப்பல்லாம் எனக்கு ஒரு நகல் திரும்பி வரும்."

"வந்தா வரட்டும். அம்புட்டையும் ஒத்தை விரல்ல தட்டுனேன்டா. நீ நோகாம உம்பேர்ல எழுதிக்குவியா?" சிரித்தாள். "அந்த மெயிலுக்குள்ள இன்னும் போக முடியுமா?" என்றாள்.

கடவுச்சொல்லைச் சொன்னேன்.

"அட, அப்பா ஸ்கூட்டர் நம்பரு! இன்னுமா மாத்தல?"

போனை வைத்துவிட்டு அந்த வரியிலிருந்து பழைய முகவரியை மட்டும் நீக்கினேன். அக்கா வரிக்கு வரி திரும்பி வந்தாள். சாயங்காலம் சித்தப்பா மகனுக்குப் பதில் போட்டேன். அதன் நகலும் ஒழுங்காக என்னிடம் வந்து சேர்ந்தது.

திங்கள் காலை பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி: அக்கா. திறந்தேன். அதே ஆங்கில எழுத்துத் தமிழ்.

"இங்க விடிஞ்சதுலேர்ந்து தூறல். பழனி மலையே தெரியல. சிறுமலைல எப்படி?"

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுத உட்கார்ந்தேன்.